நம் கடைச் சரக்கில் ஓடும் கார்

இயற்பியல் மாணவருக்குச் சில்லறை வணிகர் செய்யக்கூடிய உதவி

பள்ளிக்கூடங்களில் அறிவியல் கண்காட்சி நெருங்கும் நாட்களில் நம் கடைகளுக்கு ஒரு புது வகை வாடிக்கையாளர் வருவது வழக்கம். சீருடையில் வரும் அந்தப் பிள்ளை கேட்கும் பட்டியலும் வேடிக்கையாக இருக்கும். "நாலே நாலு ரப்பர் பேண்ட், இரண்டு முழம் ட்வைன் நூல், ஒரு பலூன், காலி அட்டைப்பெட்டி இருந்தால் ஒன்று!" மொத்த வியாபாரம் ஐந்து ரூபாயைத் தாண்டாது. கூட்ட நேரமாக இருந்தால் நமக்கு எரிச்சல்கூட வரும். "பாக்கெட்டாகத்தான் தருவோம், சில்லறையாகத் தர முடியாது" என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம்.

அந்தப் பிள்ளை எதற்காக அதைக் கேட்டது என்று நின்று விசாரிப்பவர்கள் குறைவு. பெரும்பாலும் அது இயற்பியல் வகுப்பில் கொடுத்த வேலையாக இருக்கும். பேட்டரி இல்லாமல், யாரும் தள்ளாமல், தானே ஓடும் ஒரு சிறு காரைச் செய்து வர வேண்டும். அது எவ்வளவு தூரம் ஓடியது, ஏன் அங்கே நின்றது என்று விளக்கம் சொல்ல வேண்டும். வசதி உள்ள வீட்டில் ஆயத்தப் பெட்டியாக வாங்கிக் கொடுத்துவிடுகிறார்கள். வசதியில்லாத வீட்டுப் பிள்ளைக்கு நம் கடைதான் ஆய்வுக்கூடம். மண்டபம், பாம்பன், உச்சிப்புளி வட்டாரங்களில் மீன்பிடித் தொழிலை நம்பியுள்ள குடும்பங்களின் பிள்ளைகள் நம்மிடம் வருவது இதற்குத்தான்.

இந்தக் காரைச் செய்யத் தேவையான அத்தனை பொருளும் நம் கடையிலேயே இருக்கிறது. அதை ஓட்டும் கணக்கும் நமக்குத் தெரிந்த வரவு செலவுக் கணக்குதான். ஆகவே இதில் பிள்ளைகளுக்கு வழி சொல்ல நம்மைவிடப் பொருத்தமானவர் இல்லை.

பலசரக்குக் கடையில் நின்ற மாணவர்

நம் பக்கத்து ஊரான இராமேசுவரத்தில் 1931-ஆம் ஆண்டு அக்டோபர் 15-ஆம் நாள் பிறந்த டாக்டர் ஏ.பி.ஜெ. அப்துல் கலாம் அவர்களின் வரலாற்றை அறியாதவர் இல்லை. ஆனால் வணிகர்களாகிய நாம் கவனிக்க வேண்டிய ஒரு பகுதி அதில் இருக்கிறது. 1939-இல் இரண்டாம் உலகப் போர் தொடங்கியபோது புளியங்கொட்டைக்குத் திடீரென்று கிராக்கி ஏற்பட்டது. சிறுவனான அவர் அவற்றைப் பொறுக்கிச் சேர்த்து மசூதித் தெருவில் இருந்த ஒரு மளிகைக் கடையில் விற்றார். ஒரு நாள் சேகரிப்புக்கு ஓர் அணா கிடைத்தது. பின்னாளில் கல்லூரி விடுமுறைக்கு ஊர் வரும்போது, இரயில் நிலையச் சாலையில் இருந்த தம் அண்ணனின் கடையில் நின்று எண்ணெய், வெங்காயம், அரிசி எல்லாம் விற்றிருக்கிறார். தமிழில் 'அக்னிச் சிறகுகள்' என்று வெளிவந்த தம் வாழ்க்கை வரலாற்றில் இவற்றை அவரே சொல்கிறார்.

இராமநாதபுரம் ஸ்வார்ட்ஸ் உயர்நிலைப் பள்ளியிலும் திருச்சி புனித ஜோசப் கல்லூரியிலும் படித்து, இயற்பியலில் பட்டம் பெற்று, சென்னை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் கற்ற அவர் முதலில் தலைமை ஏற்றுச் செய்த பெரிய வேலை எது தெரியுமா? ராக்கெட் அல்ல, ஒரு வண்டி! பெங்களூரில் இருந்த பாதுகாப்புத் துறை ஆய்வு நிறுவனத்தில் ஒரு சிறு குழுவோடு சேர்ந்து அவர் உருவாக்கிய 'நந்தி' என்ற அந்த ஊர்திக்குச் சக்கரமே கிடையாது. கீழ்நோக்கிக் காற்றை ஊதி, அந்தக் காற்று மெத்தையின் மேல் மிதந்து செல்லும் ஹோவர்கிராஃப்ட் அது. அன்றைய பாதுகாப்பு அமைச்சர் வி.கே. கிருஷ்ண மேனன் அதில் ஏறி அமர, கலாம் அவர்களே ஓட்டிக் காட்டினார்.

சக்கரத்தை விட்டுவிட்டுக் காற்றில் மிதக்க வேண்டிய அவசியம் என்ன? தரையில் உரசும் எதுவும் முதலைத் தின்கிறது. அந்தச் செலவுக்கு இயற்பியல் புத்தகத்தில் 'உராய்வு' என்று பெயர். நம்மிடம் ரப்பர் பேண்ட் வாங்க வந்த பிள்ளை சந்திக்கப் போகும் எதிரியும் இதேதான்.

முதல் எங்கே இருக்கிறது?

எந்த வண்டியும் முதல் இல்லாமல் ஓடாது. மோட்டார் காருக்கு முதல் பெட்ரோலில் இருக்கிறது. நம் சிறிய காருக்கு அதை வைக்கச் சில இடங்கள் உண்டு.

ஊதிய பலூனைக் காரின் மேல் கட்டி வாயைத் திறந்தால், காற்று பின்னே பாய, கார் முன்னே போகும். நியூட்டன் 1687-இல் வெளியிட்ட மூன்றாம் விதியைக் கண்ணால் காணலாம். ஆனால் நம் கரையோரக் காற்றில் வெளியே வைத்து ஓட்டினால், பலூன் பாய்மரமாகி வண்டியைப் பக்கவாட்டில் தள்ளிவிடும். கதவைச் சாத்திய அறைக்கே அது ஏற்றது.

பலகையில் கம்பிச் சுருள் பொருத்திய எலிப்பொறியை வைத்தும் வண்டி செய்கிறார்கள். அமெரிக்காவில் வில்லியம் ஹூக்கர் என்பவர் 1894-இல் காப்புரிமை பெற்ற பொறி வகை அது. அதன் கம்பிச் சுருளில் நல்ல விசை உண்டு. ஆனால் விரலில் அடித்தால் காயம் நிச்சயம். பெரியவர் உடன் இல்லாமல் அதைச் சிறு பிள்ளை கையில் கொடுக்கக் கூடாது.

மிஞ்சுவது ரப்பர் பேண்ட். நோட்டுக் கட்டுக்கும் பொட்டலத்துக்கும் நாம் போடும் இந்த வளையத்துக்கு இலண்டனில் ஸ்டீபன் பெர்ரி 1845-இல் காப்புரிமை பெற்றார். அதன் மூலப்பொருளான ரப்பர் நம் மாநிலத்திலேயே கன்னியாகுமரி மாவட்டத்தில் விளைகிறது. விலை மலிவு, ஆபத்து குறைவு, கணக்குப் போடவும் எளிது. ஆகவே அதையே எடுத்துக்கொள்வோம்.

செய்முறை

தேவையானவை: சோப்பு வந்த கனமான அட்டைப்பெட்டி ஒன்று, மிட்டாய் ஜாடியின் பிளாஸ்டிக் மூடி நான்கு, 3 மி.மீ. பருமனுள்ள மூங்கில் குச்சி இரண்டு, எழுதி முடித்த பால்பாயின்ட் பேனாக் கூடு இரண்டு, ரப்பர் பேண்ட், ட்வைன் நூல், கோந்து, ஒரு குண்டூசி, கொஞ்சம் எம்-சீல். உறிஞ்சு குழலை அச்சுக்கு உறையாகப் போடும் பழக்கம் முன்பு இருந்தது. 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் உறிஞ்சு குழல் தடை செய்யப்பட்ட பொருள் என்பதால் பேனாக் கூடே போதும்.

அட்டையை 30 செ.மீ. நீளம், 10 செ.மீ. அகலத்தில் வெட்டி, இரண்டு மூன்று தட்டுகளாக ஒட்டினால் வளையாத அடித்தளம் கிடைக்கும். பேனாக் கூட்டைத் துண்டுகளாக்கி அடித்தளத்தின் கீழே முன்னும் பின்னும் ஒட்ட வேண்டும். அவற்றுக்குள் மூங்கில் குச்சிகள் தளர்வாகச் சுழல வேண்டும். முன் அச்சும் பின் அச்சும் இணையாக இருப்பது முக்கியம். கொஞ்சம் கோணினாலும் வண்டி சுவரைத் தேடிப் போகும்.

மூடிகளின் சரியான நடுவில் துளையிட்டு, குச்சியின் முனைகளில் செருகி, எம்-சீல் வைத்து இறுக்க வேண்டும். துளையிடும் வேலையைப் பெரியவர் செய்வது நல்லது. துளை நடுவிலிருந்து விலகினால் வண்டி நொண்டும். பின் சக்கரங்களின் விளிம்பில் ஆளுக்கொரு ரப்பர் பேண்டை மாட்டிவிட்டால் தரையில் வழுக்காமல் பிடித்துக்கொள்ளும்.

பின் அச்சின் நடுப்பகுதியில் மட்டும் காகித நாடாவைக் கோந்து தடவிச் சுற்றி, ஒரு பென்சில் பருமனுக்கு, அதாவது சுமார் 7 மி.மீ. ஆகும்வரை தடிமனாக்க வேண்டும். இந்த உருளையின் மேல் குண்டூசியைச் சாய்வாகக் குத்திக் கொக்கியாக்க வேண்டும். ரப்பர் பேண்ட்களைக் கோத்துச் சங்கிலியாக்கி, ஒரு முனையை அடித்தளத்தின் முன்பக்கம் கட்டி, மறு முனையில் நூலைக் கட்ட வேண்டும். நூலின் நுனியில் ஒரு கண்ணி போட்டு அதைக் குண்டூசியில் மாட்டினால் போதும். முடிச்சுப் போட்டுவிடக் கூடாது! முடிச்சுப் போட்டால், நூல் பிரிந்து முடிந்த பிறகும் சுழலும் அச்சு அதை மறுபடி எதிர்ப்பக்கமாகச் சுற்றத் தொடங்கி, ஓடுகிற வண்டிக்குத் தானே பிரேக் போட்டுவிடும்.

இனி வண்டியைத் தரையில் அழுத்திப் பின்னோக்கி நகர்த்தினால் நூல் உருளையில் சுற்றிக்கொள்ளும், ரப்பர் இழுபடும். கையை எடுத்தால் வண்டி முன்னே ஓடும்.

எடைக்கல்லால் ஓர் ஐந்தொகை

வண்டி ஓடிவிட்டது. கண்காட்சியில் ஆசிரியர் கேட்கப் போகும் கேள்வி இனிமேல்தான் வரும். "எவ்வளவு தூரம் ஓடும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா?" சொல்ல முடியும். அதற்கு வேண்டியவை எடைக்கல், அளவுகோல், ஒரு பலகை. மின்னணுத் தராசு வந்த பிறகு பல கடைகளில் சும்மா கிடக்கும் எடைக்கற்களுக்கு இதோ ஒரு வேலை.

முதலில் வரவு. ரப்பர் சங்கிலியை ஓர் ஆணியில் தொங்கவிட்டு, அதன் நுனியில் சிறு சுருக்குப்பையைக் கட்டி, 100 கிராம், 200 கிராம், 300 கிராம் என்று எடைக்கற்களை ஒவ்வொன்றாகப் போட்டு, எவ்வளவு நீள்கிறது என்று குறிக்க வேண்டும். 300 கிராமுக்கு 10 செ.மீ. நீண்டது என்று வைத்துக்கொள்வோம். தொடக்கத்தில் இழுவிசை பூஜ்யம், முடிவில் 300 கிராம். சராசரி 150 கிராம். அதை 10 செ.மீ.யால் பெருக்கினால் 1,500 கிராம்-செ.மீ. இதுதான் நாம் வண்டியில் போட்டிருக்கும் முதல்.

அடுத்தது செலவு. வண்டியைத் தராசில் நிறுத்தால் 150 கிராம் என்று வைத்துக்கொள்வோம். நூலைக் கழற்றிவிட்டு, ஒரு மீட்டர் நீளப் பலகையின் மேல் வண்டியை நிறுத்தி, பலகையின் ஒரு முனையை மெல்ல உயர்த்த வேண்டும். லேசாகத் தட்டிவிட்டால், வேகம் கூடாமலும் குறையாமலும் வண்டி உருள ஆரம்பிக்கும் உயரம் எது? 5 செ.மீ. என்றால், நூறில் ஐந்து. அதாவது வண்டியின் எடையில் இருபதில் ஒரு பங்கு, 7.5 கிராம். ஒவ்வொரு சென்டிமீட்டர் ஓட்டத்துக்கும் உராய்வு வசூலிக்கும் சுங்கம் இது.

இனி வகுத்தால் போதும். 1,500-ஐ 7.5-ஆல் வகுத்தால் 200 செ.மீ. வண்டி இரண்டு மீட்டர் ஓட வேண்டும்!

ஓட்டிப் பார்த்தால் அதைவிடச் சற்றுக் குறைவாகவே ஓடும். காரணமும் எடைக்கல்லிலேயே தெரியும். எடைகளை ஏற்றும்போது 200 கிராமுக்கு ரப்பர் நின்ற இடத்தையும், மறுபடி ஒவ்வொன்றாக இறக்கும்போது அதே 200 கிராமுக்கு நிற்கும் இடத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இறக்கும்போது சற்றுக் கீழேயே நிற்கும். ரப்பர் வாங்கிய கடனை முழுவதும் திருப்பித் தருவதில்லை. ஒரு பகுதியை வெப்பமாக விட்டுவிடுகிறது. அச்சிலும் தரையிலும் போன செலவும் அப்படியே வெப்பமாகிறது. காசு மறையவில்லை, கை மாறியிருக்கிறது. இதைத்தான் பாடப்புத்தகம் 'ஆற்றல் அழிவின்மை' என்கிறது. ஐந்தொகை எழுதத் தெரிந்த நமக்கு இதில் புதிது ஒன்றும் இல்லை. இரு பக்கமும் பொருந்தவில்லை என்றால் எங்கோ ஒரு செலவு எழுதப்படாமல் இருக்கிறது என்று பொருள்.

வண்டி அதிக தூரம் ஓட வேண்டுமென்றால் இரண்டே வழி. முதலைக் கூட்டலாம், அல்லது செலவைக் குறைக்கலாம். ரப்பர் பேண்டை இரட்டிப்பாக்கினால் முதல் கூடும். ஆனால் அட்டை வளையும், பின் சக்கரம் தரையில் வழுக்கிச் சுழலும். அச்சைச் சரிசெய்து, பலகை உயரத்தை 5 செ.மீ.யிலிருந்து இரண்டரைக்குக் கொண்டுவந்தால், அதே முதலில் நாலு மீட்டர் வரை போக இடம் உண்டு. புது முதல் தேடுவதைவிட ஒழுகலை அடைப்பது மேல் என்பது நம் தொழிலிலும் கண்ட உண்மைதானே!

பாம்பன் பாலம் சொல்லும் பாடம்

உருளையை ஏன் பென்சில் பருமனுக்குத் தடிமனாக்கச் சொன்னோம்? மெல்லிய குச்சியிலேயே நூலைச் சுற்றினால் அதிகச் சுற்று கிடைக்குமே என்று பிள்ளைகள் கேட்பார்கள். இதற்கு விளக்கம் நம் கண்ணெதிரே இருக்கிறது.

1914-ஆம் ஆண்டு பிப்ரவரி 24-ஆம் நாள் திறக்கப்பட்ட பழைய பாம்பன் இரயில் பாலத்தின் நடுவே, கப்பல் போக வழிவிடும் ஷெர்ஸர் தூக்கு இருந்ததை நாம் அறிவோம். கப்பல் வரும்போது ஊழியர்கள் கையாலேயே நெம்புகம்பிகளைச் சுற்றி அந்த இரும்புப் பாரத்தைத் தூக்கினார்கள். எதிர் எடையும் பல்சக்கரங்களும் துணை நின்றன. மனிதக் கைகள் பல சுற்றுச் சுற்ற, பாலம் மெல்ல மெல்ல எழுந்தது. விசையைப் பெருக்கினார்கள், அதற்கு விலையாகத் தூரத்தைக் கொடுத்தார்கள். இரண்டையும் சேர்த்துப் பெற வழியில்லை.

நம் சிறிய காரில் இது தலைகீழ். 7 மி.மீ. உருளை, 12 செ.மீ. சக்கரம் என்றால் விகிதம் சுமார் 17. நூல் 10 செ.மீ. நகர்ந்தால் வண்டி 170 செ.மீ. நகரும். அதற்கு விலையாக, 300 கிராம் இழுவிசை சக்கர விளிம்பில் 17.5 கிராமாகச் சுருங்கிவிடும். உராய்வின் 7.5 கிராமைவிட அது அதிகம் என்பதால் வண்டி கிளம்பும். நூல் பிரிந்த பிறகு மிச்ச தூரத்தை ஓடிய வேகத்திலேயே கடக்கும்.

தடிமனாக்காமல் 3 மி.மீ. குச்சியிலேயே சுற்றினால் விகிதம் 40. விளிம்பில் கிடைப்பது 7.5 கிராம் மட்டும். வரவும் செலவும் சரி! வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். மாறாக, உருளையை மிகத் தடிமனாக்கினால் வண்டி சீறிப் பாயும், சக்கரம் வழுக்கும், முதல் வீணாகும். இரண்டுக்கும் நடுவே எது பொருத்தம் என்பதைக் காகித நாடாவை ஒரு சுற்றுக் கூட்டியும் குறைத்தும் பிள்ளையே கண்டுபிடிக்க வேண்டும். உண்மையான ஆய்வு அதுதான்.

பழைய பாலத்தில் 2022 டிசம்பரில் போக்குவரத்து நின்றது. 2025 ஏப்ரல் 6-ஆம் நாள் திறக்கப்பட்ட புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி, மின்சாரத்தால் செங்குத்தாக மேலே எழுகிறது. அங்கும் எதிர் எடைகள் உண்டு. பார்க்கப் போகும் பிள்ளைகளுக்கு நம் கடைத் தராசை நினைவுபடுத்துங்கள். ஒரு தட்டில் பாலம், மறு தட்டில் எதிர் எடை!

கடலோரத்துக்குச் சில எச்சரிக்கைகள்

நம் ஊர் மணல் இந்தக் காருக்குப் பகை. அச்சில் தேங்காய் எண்ணெய் விடும் பழக்கம் பிள்ளைகளிடம் உண்டு. எண்ணெயில் மணல் ஒட்டி, அரைக்கும் மாவாகிவிடும். பதிலாகப் பென்சில் முனையைச் சுரண்டிய கரித்தூளைப் பேனாக் கூட்டுக்குள் தடவினால் வழுவழுப்பாக ஓடும், மணலும் ஒட்டாது. உப்புக் காற்றில் இரும்புக் கம்பி துருப்பிடித்து இறுகும் என்பதால்தான் மூங்கில் குச்சியைச் சொன்னோம். ரப்பர் பேண்டும் வெயிலில் வைத்தால் கெட்டியாகி அறும். வெயில் படும் முகப்பில் தொங்கவிட்டிருக்கும் பழைய இருப்பைக் கொடுக்காமல், உள்ளே இருக்கும் புது இருப்பிலிருந்து எடுத்துக் கொடுங்கள். போட்டி நாளன்று அறுந்தால் அந்தப் பிள்ளையின் ஒரு மாத உழைப்பு போய்விடும். ஓட்டிப் பார்க்கப் பள்ளித் தாழ்வாரத்துச் சிமென்ட் தரையே நல்லது.

நாம் செய்ய வேண்டியவை

முதலாவது, இப்படி வரும் பிள்ளைக்குச் சில்லறையாகக் கொடுப்போம். நாலு ரப்பர் பேண்ட் கேட்டால் நாலே கொடுப்போம். பாக்கெட்டைப் பிரிப்பதால் நமக்கு வரும் நட்டம் காதில் போட்டால்கூடத் தெரியாது.

இரண்டாவது, காலியான மிட்டாய் ஜாடி மூடிகளையும் அட்டைப்பெட்டிகளையும் பழைய கடைக்குப் போடுமுன் கொஞ்சம் எடுத்து வைப்போம். அறிவியல் கண்காட்சிகள் பல பள்ளிகளில் பிப்ரவரி 28-ஆம் நாள் தேசிய அறிவியல் தினத்தை ஒட்டி நடக்கின்றன. சர் சி.வி. இராமன் 1928-இல் தம் கண்டுபிடிப்பை அறிவித்த நாள் அது. ஜனவரி மாதத்திலிருந்தே சேர்த்து வைத்தால் போதும்.

மூன்றாவது, மேலே சொன்ன பொருள்களை ஒரே பொட்டலமாகக் கட்டி, அடக்க விலைக்குச் சற்று மேல் வைத்து விற்கலாம். செய்து முடித்த காரை மட்டும் விற்க வேண்டாம். ஆயத்த வண்டியை வாங்கிப் போகும் பிள்ளைக்கு மதிப்பெண் கிடைக்கலாம். "ஏன் நின்றது?" என்று கேட்டால் பதில் கிடைக்காது.

நான்காவது, எடைக்கல்லை ஒரு மணி நேரம் இரவல் கொடுங்கள். கல்லாப் பக்கத்து ஆணியிலேயே ரப்பரைத் தொங்கவிட்டு அளந்துகொள்ளட்டும். நம் வீட்டுப் பிள்ளைகள் மாலையில் கடையில் நிற்கிறார்கள் என்றால் அவர்களையும் கூட உட்கார வையுங்கள். பள்ளிக்கூடப் பாடமும் கடைக் கணக்கும் வேறு வேறு என்று நினைத்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு, இரண்டும் ஒரே கூட்டல் கழித்தல்தான் என்பது அன்றைக்குப் புரியும்.

புளியங்கொட்டையைக் கொண்டுவந்த சிறுவனிடம் அன்று மசூதித் தெருக் கடைக்காரர் "இவ்வளவு சிறிய சரக்கை நான் வாங்குவதில்லை" என்று சொல்லவில்லை. நிறுத்து, ஓர் அணாவைக் கொடுத்தார். அந்தச் சிறுவன் யார் ஆவான் என்று அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. நம் கடை வாசலில் நாலு ரப்பர் பேண்டுக்காக நிற்கும் பிள்ளை யார் ஆவாள் என்று நமக்கும் தெரியாது. கேட்டதை எண்ணிக் கொடுப்போம். வண்டி எத்தனை மீட்டர் ஓடியது என்று மறுநாள் வந்து சொல்லும்படி கேட்டும் வைப்போம்.